கிரவல் றோட்டுக்கு எந்த ஹாண்டில்?

வெளிநாட்டுச் சைக்கிள் கம்பனிகள் சில வருசமாக ‘கிரவல் பைக்’ என்று ஒரு வகையை விக்கிறாங்க. கேட்டதும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று படுவான்கரைக்குள்ள போனால் கிரவல் றோட்டுல சைக்கிள் ஓடாத ஆள் யார்?

ஆனால் அந்தக் கம்பனிகள் தலையைப் பிச்சுக்கொண்டு யோசிக்கிற ஒரு விசயத்தை நாங்கள் கவனிக்கிறதே இல்லை: ஹாண்டில். சைக்கிள் வாங்கக்குள்ள கியர் எத்தனை, ரயர் எவ்வளவு தடிப்பு என்று கேட்கிறோம். கை எங்க இருக்கப்போகுது என்று கேட்கிறதில்ல.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டோட எங்களில பலர் சைக்கிளுக்குத் திரும்பினோம். மட்டக்களப்பு நகரத்திலிருந்து வந்தாறுமூலை கம்பஸ் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வாறவங்களுக்கு இன்னும் கூட. அவ்வளவு தூரம் ஓடி வந்து இறங்கக்குள்ள சின்னவிரலும் மோதிரவிரலும் விறைச்சுக் கிடக்கும். அந்தக் கையாலதான் மூன்று மணித்தியாலம் பரீட்சையும் எழுத வேணும்.

காரணம் இதுதான். அந்த இரண்டு விரலுக்கும் போற நரம்பு உள்ளங்கையின் அடிப்பக்கத்தால போகுது. உடம்புப் பாரம் கையில விழ, கிரவல் அதிர்வும் சேர, அந்த நரம்பு நசியுது. நேர்க்கம்பி ஹாண்டில் இதைக் கூட்டும். சந்தேகம் என்றால் இப்பவே இரண்டு பென்சிலை இரண்டு கையிலும் இறுக்காமப் பிடிச்சு, கையை முன்னால நீட்டிப் பாருங்க. இரண்டும் ஒரே நேர்கோட்டில நிற்காது, சரிஞ்சு நிற்கும். நேர்க்கம்பி அந்தச் சரிவை நிமிர்த்தி மணிக்கட்டை முறுக்குது.

ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழே வளைஞ்ச ரேஸ் ஹாண்டிலில கையை மூன்று நாலு இடத்துக்கு மாத்தலாம். கச்சான் காத்து எதிர்க்கக்குள்ள குனியவும் வசதி. கிரவலுக்கென்று செய்யிறதில நுனி வெளியே விரிஞ்சிருக்கும். ஆனால் செலவு கூட. அதில கை பிடிக்கிற குழாய் 23.8 மில்லிமீற்றர்; நேர்க்கம்பியில 22.2. அதால பிரேக் லீவரையும் மாத்த வேண்டிவரும்.

எங்கட தெரிவு பின்பக்கம் வளைஞ்ச ஹாண்டில். மீன் பெட்டி கட்டின சைக்கிள்களில பார்த்திருப்பீங்க. மணிக்கட்டு முறுகாது, முதுகு நிமிரும், பாரம் சீற்றுக்குப் போகும். இப்ப விக்கிறதில அனேகமானதுக்கு 22.2 குழாய்தான், இருக்கிற பிரேக் லீவரே பொருந்தும். குறையும் இருக்கு: நிமிர்ந்து இருந்தால் காத்து நெஞ்சில அடிக்கும், ஒடுக்கமாத் திருப்பக்குள்ள முழங்கால் முட்டலாம். வீட்டில கிடக்கிற பழைய சைக்கிளிலிருந்து கழட்டலாம் என்று நினைக்காதீங்க. கம்பிப் பிரேக் என்றால் லீவர் ஹாண்டிலோட சேர்ந்தே இருக்கும்.

வாங்க முதல் நடுவில பூட்டுற இடத்தை அளந்து பாருங்க. பழைய வகைகளில பெரும்பாலும் 25.4 மில்லிமீற்றர், புதுசில 31.8.

காசு இல்லையா? முதலில செலவில்லாத வேலையைச் செய்யுங்க. சீற்றின் மூக்கு கீழே சரிஞ்சிருந்தால் மட்டமாக்குங்க. சரிஞ்ச சீற் உங்களைக் கையில தள்ளும். ஹாண்டில் தண்டைக் கொஞ்சம் உயர்த்துங்க. ஆனால் அதில பொறிச்சிருக்கிற எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிஞ்சால் ஓடக்குள்ள கழரும்.

வளைஞ்ச ஹாண்டில் பூட்டினால் கம்பஸில “அப்பப்பாட சைக்கிளா?” என்று பகிடி பண்ணுவாங்க. பண்ணட்டும். நெல் மூட்டை கட்டிக்கொண்டு இதே கிரவலில காலம் முழுக்க ஓடின அப்பப்பாமாருக்குத் தங்கட கைக்கு எது சுகம் என்று தெரிஞ்சிருந்தது.