வாடலும் துவளலும்

கத்தரிச்செடி இரண்டு விதமாகச் சாகும். முதல் விதத்தில் அடியிலைகள் மஞ்சளிக்கும். மஞ்சள் மெல்ல மேலேறும். இலைகள் காய்ந்து உதிரும். செடி பல நாள்கள் எடுத்துக்கொண்டு பட்டுப்போகும். மற்றதில் மஞ்சளே இராது. காலையில் நிமிர்ந்து நின்ற செடியின் கொழுந்து உச்சிவெயிலில் தொங்கும், மாலையில் நிமிர்ந்துகொள்ளும். அடுத்தடுத்த நாள்களில் இப்படியே போக்குக்காட்டிவிட்டு, ஒரு மாலையில் நிமிராமலே நின்றுவிடும். இலைகள் அப்போதும் பச்சையாகவே இருக்கும். முதலாவது பெரும்பாலும் மண்ணில் வாழும் பூசணங்களின் வேலை. இரண்டாவது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவின் வேலை. தமிழில் எழுதப்படும் வேளாண் கையேடுகள் இரண்டையும் ‘வாடல் நோய்’ என்றே அழைக்கின்றன. ‘பாக்டீரியா’ என்றோ ‘ஃபியூசேரியம்’ என்றோ ஓர் அடைமொழி முன்னால் நிற்கும். ஆனால் அச்சிலிருந்து வாய்ப்பேச்சுக்கு வரும்போது முதலில் உதிர்வது அந்த அடைமொழிதான்.

நான் தாவர நோயியல் படித்தவள் அல்லள். முதுகலையில் மொழியியல் பயின்றேன். இப்போது அந்தமான் தமிழரின் வேளாண் சொற்களைத் தொகுத்து ஆய்ந்து வருகிறேன். எங்கள் வீடு லம்பா லைனில். ‘லம்பா’ இந்தி, ‘லைன்’ ஆங்கிலம். அந்தப் பெயருக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசுகிறோம். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது. எங்கள் தெருவின் பெயரை எவரும் தொடவில்லை.

என் சித்தப்பா நகருக்கு வெளியே குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிடுகிறார். இத்தீவுகளில் காய்கறியில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. கப்பல் தாமதித்தால் சந்தையில் விலை ஏறும். ஆகவே உள்ளூர்க் கத்தரிக்கு எப்போதும் கேட்பு உண்டு. சென்ற இரண்டு மழைக்காலங்களிலும் அவருடைய கத்தரி, காய்ப்புக்கு வரும் தறுவாயில் கொத்துக்கொத்தாக விழுந்தது. அவர் ஒரு கடையில் மருந்து வாங்கி மூன்று முறை வேரில் ஊற்றினார். பயனில்லை. இந்த ஆண்டு குத்தகையைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான், என்ன மருந்து, எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று விசாரித்தேன்.

“கடக்காரன் இந்திக்காரன்மா. ‘என்ன ஆச்சு’ன்னு கேட்டான். ‘பௌதா சூக் ரஹா ஹை’ன்னேன். வாடுதுன்னா வேற எப்படிச் சொல்றது?”

சொற்பொருளியல் வகுப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ‘வாடு’ என்னும் தமிழ் வினை நீரிழந்து தளர்வதையும் குறிக்கும், காய்ந்து வதங்குவதையும் குறிக்கும். முகம் வாடும், பயிர் வாடும், பட்டினியால் வயிறும் வாடும். அந்தப் பரந்த சொல்லை இந்திக்குக் கொண்டுபோகும்போது அவர் கைக்கு எட்டியது ‘சூக்னா’, அதாவது ‘காய்தல்’. தளர்ந்து தொங்குவதற்கு இந்தியில் ‘முர்ஜானா’ இருக்கிறது. அன்றாடச் சந்தை இந்தியில் அது அவருக்குப் பழக்கமில்லை. செடி காய்கிறது என்று கேட்ட கடைக்காரர் வேரழுகல் என்று கொண்டு பூசணக்கொல்லியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பூசணக்கொல்லி இந்தப் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. கடைக்காரரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் கேட்ட சொல்லுக்கு ஏற்ற மருந்தைத்தான் கொடுத்தார்.

சித்தப்பாவின் நிலத்துக்கு அடுத்த நிலம் ஒரு வங்காளிப் பெரியவருடையது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து இத்தீவுகளில் குடியமர்ந்த குடும்பங்களில் ஒன்று அது. அவர் ஒரே பார்வையில் ‘டோலே போடா’ என்றாராம். ‘சரிந்து சாய்தல்’ என்பது அதன் பொருள். வங்காள வேளாண் நூல்களிலும் பாக்டீரியா வாடலுக்கு வழங்கும் பெயர் இதுவே. காய்வதை விட்டுவிட்டு, சாய்வதை மட்டும் பற்றிக்கொண்ட பெயர். தமிழில் இதற்கு நேரான சொல் இல்லாமலில்லை. ‘துவளுதல்’ இருக்கிறது, ‘தொய்தல்’ இருக்கிறது. பச்சை மாறாமல் உறுதி இழப்பதைத் ‘துவண்டது’ என்று இன்றும் சொல்கிறோம். கலைச்சொல் ஆக்கியவர்கள் ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று என்று கணக்கு வைத்து ‘வாடலை’ எடுத்துக்கொண்டதில், ‘துவளல்’ வேலையில்லாமல் நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

பெயரிடுவதில் அறிவியலாளர்களும் நிம்மதியாக இருந்ததில்லை. 1896-இல் எர்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் இந்த நுண்ணுயிரியைப் பேசில்லஸ் வகையில் சேர்த்து விவரித்தார். பின்னர் அது நெடுங்காலம் சூடோமோனாஸ் ஆக இருந்தது. 1992-இல் பர்க்ஹோல்டேரியா ஆயிற்று. மூன்றே ஆண்டுகளில் ரால்ஸ்டோனியா ஆயிற்று. 2014-இல் அந்த ஒன்றையே மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி, வாழை என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தாக்கும் உயிரி ஒரே பெயருக்குள் அடங்காததில் வியப்பில்லை.

அது செய்யும் வேலையைப் படித்தபோதுதான் எனக்குத் துவளலின் பொருள் விளங்கியது. மண்ணிலுள்ள பாக்டீரியா வேர்க்காயத்தின் வழியாகவோ, பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்தின் வழியாகவோ உள்ளே நுழைகிறது. வேர்முடிச்சு நூற்புழு துளைத்த வேர் என்றால் இன்னும் எளிது. நுழைந்ததும் நீர் ஏறும் குழாய்களைச் சென்றடைகிறது. அங்கே எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை பரவுவதில்தான் கருத்தாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைச் சிறிதளவு வெளிவிடுகிறது. கூட்டம் பெருகி அப்பொருளின் செறிவு ஓர் அளவைத் தாண்டியதும், எல்லாம் சேர்ந்து கோந்துபோன்ற சர்க்கரைப் பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. குழாய் அடைபடுகிறது. வேரில் நீர் இருக்கிறது, இலைக்கு வருவதில்லை. ஆகவே இலை பச்சையாகவே தொங்குகிறது. வெயில் தாழ்ந்து தேவை குறையும்போது, அடைபடாத குழாய்கள் போதுமானவையாக இருக்கும்வரை, நிமிரவும் செய்கிறது. பாக்டீரியாக்களின் இந்த எண்ணிக்கை உணர்வைப் ‘பேச்சு’ என்றும் ‘மொழி’ என்றும் அறிவியல் இதழ்கள் எழுதுகின்றன. மொழியியல் படித்தவளுக்கு அதில் சிறிது சங்கடம் உண்டு. ஒரு பொருளின் செறிவு கூடுவதை அறிவது சைகை. மொழி என்பதற்கு இன்னும் சில தகுதிகள் வேண்டும். துறைத் தகராறு இது, இங்கே வேண்டாம்.

செடி சும்மா இருப்பதில்லை. இந்தப் பாக்டீரியா ஊசிபோன்ற அமைப்பின் வழியாகப் பல பத்து வகைப் புரதங்களைத் தாவரச் செல்லுக்குள் செலுத்தி, அதன் தற்காப்பை முடக்குகிறது. அவற்றுள் பாப்-பி2 என்பது, தற்காப்பு மரபணுக்களை இயக்கும் தாவரப் புரதங்களைக் குறிவைத்துச் செயலிழக்கச் செய்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியின் சில வகைகளில் ஒரு காவற்புரதம் இருக்கிறது. பாப்-பி2 தேடிவரும் இலக்கின் நகல் ஒன்று அதன் உடலோடே ஒட்டியிருக்கிறது. எதிரி அந்த நகலைத் தொட்டதும் எச்சரிக்கை எழும். தூண்டிலில் இரை வைப்பதுபோன்ற இந்த ஏற்பாட்டை 2015-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் விளக்கின. 1940-களில் ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்து, பயிரின் ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் நோயுயிரியில் இணையான ஒரு மரபணு உண்டு என்று ஹெரால்டு ஃப்ளோர் கண்டதன் தொடர்ச்சி இது. இத்தனை நுட்பத்துக்கும் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. ஓரிடத்தில் வாடலைத் தாங்கும் வகை, வேறு திரிபு வாழும் மண்ணில் தாங்காமல் போகலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘சூர்யா’, ‘ஸ்வேதா’, ‘ஹரிதா’ ஆகிய கத்தரி வகைகள் நல்ல பெயர் பெற்றவை. ஆனாலும் தீவின் மண்ணில் தீவிலேயே சோதித்துப் பார்ப்பதுதான் முறை. கரச்சர்மாவிலுள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1978-இல் தொடங்கியது, ‘காரி பிரிஞ்சால்-1’ என்னும் வாடல் தாங்கும் வகையை இங்கிருந்தே வெளியிட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் புளித்த மண்ணும் ஓயாத வெப்பமும் சேர்ந்த இந்த இடம், பாக்டீரியாவுக்கு வீடுகட்டிக் கொடுத்ததுபோல் அமைந்துவிட்டது.

நோயை உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். சித்தப்பாவை ஒரு செடியைப் பிடுங்கிவரச் சொன்னேன். தண்டின் அடியில் விரல்நீளத் துண்டை நறுக்கி, வெட்டுவாய் தெளிந்த நீரில் படும்படி தொங்கவிட்டோம். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிற இழைகள் புகைபோல் கீழே இறங்கின. பாக்டீரியாவும் அதன் கோந்தும் அவை. பூசண வாடலில் இப்படி இறங்காது.

“பால் மாதிரியில்ல இறங்குது” என்றார். சிறிதுநேரம் தம்ளரையே பார்த்திருந்துவிட்டு, “இது உள்ள இருக்கறப்ப நான் வெளிய மருந்து ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

அவருக்கு நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை. விழுந்த செடியை எழுப்ப மருந்து கிடையாது. மண்ணிலும் நீரிலும் களைகளின் வேரிலும் இந்த உயிரி காத்திருக்கும். செய்யக்கூடியவை எல்லாம் அதை அண்டவிடாத வேலைகளே: நோயுற்ற செடியை வேர்மண்ணோடு அகற்றுவது, அந்தப் பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்கு ஓடாமல் வடிகாலைத் திருப்புவது, சுண்ணாம்பிட்டு மண்ணின் புளிப்பைக் குறைப்பது, மண்வெட்டியைக் கழுவிவிட்டு நகர்வது, சில பருவங்கள் கத்தரி, தக்காளி, மிளகாய் இனத்தையே விட்டு மக்காச்சோளமோ நெல்லோ வைப்பது. குத்தகைக்காரரிடம் பல பருவங்களுக்குக் கத்தரியை விடுங்கள் என்று சொல்வது எளிது. குத்தகைப்பணம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

அவரை ஈர்த்தது சுண்டைக்காய்தான். சுண்டை இந்த வாடலைப் பெரும்பாலும் தாங்கும். அதன் நாற்றில் கத்தரிக் கொழுந்தை ஒட்டுக்கட்டலாம். வேர் சுண்டை, காய் கத்தரி. “வத்தக்குழம்புல போடற சுண்டையா?” என்று இரண்டு முறை கேட்டார். சுண்டை விதை முளைக்க நாளாகும். ஆகவே கத்தரியைவிடச் சில வாரங்கள் முன்பே விதைக்கவேண்டும். தண்டுகள் ஒரே பருமனுக்கு வந்தபின் சுண்டைத் தண்டைப் பிளந்து, கத்தரிக் கொழுந்தை ஆப்புப்போல் சீவிச் செருகி, கவ்வியால் பிடித்து, சில நாள்கள் நிழலிலும் ஈரத்திலும் மூடி வைக்கவேண்டும். முதல் தடவை பாதி ஒட்டு பிடிக்கவில்லை. சித்தி பொறுமையாகச் செய்தவை பிடித்தன. நிலத்தில் பாதியை மட்டும் குத்தகைக்குப் புதுப்பித்து, ஒரு பகுதியில் ஒட்டுச்செடியும் மீதியில் மக்காச்சோளமும் வைத்திருக்கிறார்கள். மழை இன்னும் முடியவில்லை, செடிகள் நிற்கின்றன.

இதை எழுதுவதற்குத் துறைசார்ந்த காரணம் ஒன்று உண்டு. நம் பயிர்நோய்ப் பெயர்களில் பல மனித உடலிலிருந்து வந்தவை. ஆங்கிலம் பதிகல் ஓவியத்தைக் கண்ட இலையில், தமிழ் தோலின் தேமலைக் கண்டது. எலுமிச்சைக்குச் சொறி வந்தது. சில பெயர்கள் ஊரைச் சுமக்கின்றன: 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்ட தென்னை நோய், ‘தஞ்சாவூர் வாடல்’ என்று இன்றும் வழங்குகிறது. அடித்தண்டு அழுகிச் செந்நிறச் சாறு வடியும் அந்தப் பூசண நோயும், சித்தப்பாவின் கத்தரி நோயும் ஒரே ‘வாடல்’ என்னும் சொல்லுக்குக் கீழே நிற்கின்றன. பிரித்துக் காட்டும் சொற்கள் உழவரின் பேச்சில் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பச்சை மாறாமல் செடி திடீரெனத் தொங்கிப்போவதை உங்கள் ஊரில் என்ன வினைச்சொல்லால் குறிப்பிடுகிறார்கள்? மஞ்சளித்துக் காய்வதற்கு வேறு சொல் உண்டா? ஊர்ப்பெயரும் சொல்பவரின் ஏறத்தாழ வயதும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். சொன்னவரின் பெயர் வேண்டாம். 1970-களில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பத்தார் எவரேனும் இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கட்டாயம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துச் சொற்கள் என் குறிப்பேட்டில் இன்னும் ஒன்றுகூட இல்லை.