இனிப்புத் தண்ணீரும் இரண்டு மணி நேரமும்

மார்ச் 7, அரியலூர்

ராத்திரி நாலு தடவை எழுந்தாச்சு. தலைமாட்டில் வைத்த செம்புத் தண்ணீரும் காலி. பெரம்பலூருக்குப் போன் போட்டால் அம்மா, "பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான்டி இருக்கும். மாசியிலேயே வெயிலும் இந்தப் போடு போடுது" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். தாகம், அசதி, அடிக்கடி ஒண்ணுக்கு: சுகருக்கும் இதேதான், கர்ப்பத்துக்கும் இதேதான்.

மார்ச் 10

ஆறாம் மாசச் செக்கப். நர்சம்மா 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்து நீட்டினார். இட்லி சாப்பிட்டுவிட்டேனே என்றேன். "இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு வேணாம்மா. அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா மட்டும் நாளைக்கு வரணும்." தொண்டையில் பிசுபிசுத்த தித்திப்பை முழுங்கி, முந்தானையை வாயில் பொத்தியபடி பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் செந்துறைப் பெண் ஒருத்தி. தாகமில்லை, அசதியில்லை, "எனக்கு எதுக்குக்கா இது?" என்று சலித்துக்கொண்டே இருந்தாள்.

140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரையாம். எனக்கு 152. அவளுக்கு 168.

அறிகுறியை நம்பியிருந்தால் அவள் வந்தே இருக்கமாட்டாள். தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை உண்டு. இதற்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளும். நான் மாட்டிக்கொண்ட நாளும் அதுவே!

மார்ச் 12

அம்மா சின்ன வெங்காயப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "நம்ம வம்சத்துலயே சுகர் கிடையாதே. மூணாம் மாசம் பார்த்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் மாதம் ஏற ஏற இன்சுலினை வேலை செய்யவிடாது, அதனால்தான் 24 வாரத்துக்கு மேல் மறுபடி பார்க்கிறோம் என்று டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். பாதி நம்பினாள். சோற்றைக் குறைத்துவிட்டு, கம்பங்கூழைச் சொம்பு நிறைய நீட்டினாள். கூழானாலும் மாவுதானே அம்மா!

மார்ச் 26

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 114. 120க்குக் கீழே இருப்பதால் இப்போதைக்கு ஊசி, மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார்கள். செந்துறைக்காரிக்கு இன்சுலின் தொடங்கியாச்சு. பயப்படவில்லை, பிள்ளைக்கு அதனால் கெடுதல் இல்லை என்று தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அடுத்த மாசம் வளைகாப்பு. அஞ்சு வகைச் சோற்றில் சர்க்கரைப் பொங்கலை விட அம்மாவுக்கு மனசு வரவில்லை. செய்யட்டும், வந்தவர்கள் சாப்பிடட்டும். எனக்கு ஒரு கரண்டி தயிர்சாதமும் நிறையச் சுண்டலும்.

பிள்ளை பிறந்த ஆறாவது வாரம் இன்னொரு தடவை அந்தத் தித்திப்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமாம்.