ஒத்திகைச் சோறு யார் போடுவது?

கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரை பிறந்தால் வீட்டுக்கு இரண்டு பேர் கட்டாயம் வருவார்கள். ஒருவர் வெயில். இன்னொருவர் கோயில் வரி வசூலிக்கிறவர்! முதலாமவரை ஃபேன் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டாமவர் ரசீது புத்தகத்தோடு திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

அந்த வரிப் பணம்தான் பந்தல், மைக் செட், சீரியல் லைட், வாணவேடிக்கை என்று ஆகிறது. கூடவே ராத்திரி நாடகம். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமாகிவிட்டார். வள்ளிக்கு மட்டும் வருஷா வருஷம் கல்யாணம் நடந்துகொண்டே இருக்கிறது!

சின்னமனூர் பக்கம் ஓர் ஊர்க் கூட்டத்தில் மெதுவாகக் கேட்டேன்: "ஏண்ணே, இந்தத் தடவை புதுசா ஒரு நாடகம் எழுதிப் போடச் சொன்னா என்ன?"

வரவு செலவு பார்க்கும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "போடலாம் தம்பி. புதுசுன்னா ஒத்திகை பாக்கணும்ல? அந்த ஒரு மாசம் அவங்களுக்குச் சோறு யாரு போடுறது?"

'நடைமுறை மூலதனம்' என்றால் என்ன என்று பி.காம். வகுப்பில்கூட யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஸ்பெஷல் நாடகத்தின் சூட்சுமமே அதுதான். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி, தனித்தனியாக பஸ் பிடித்து வந்து, அரிதாரம் பூசுகிற இடத்தில்தான் 'சௌக்கியமா' என்று கேட்டுக்கொள்வார்கள். ஆர்மோனியம் சுருதி கொடுத்ததும் விடிய விடிய தர்க்கம்! சாமானிய வித்தை இல்லை. ஆனால், எல்லோருக்கும் மனப்பாடமான கதையில்தான் அது பலிக்கும்.

அந்தக் காலத்தில் ஒத்திகைச் சோற்றைப் போட்டவை பாய்ஸ் கம்பெனிகள். 1918-ல் மதுரையில் சுவாமிகள் ஆசிரியராக இருந்து தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் பையன்களுக்குச் சாப்பாடு, தங்கல், பாடம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான்.

நம்ம பண்ணைப்புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார். கட்சி கூப்பிட்டது, மேடை தந்தது. அன்றன்றைய பிரச்னைக்குப் புதுப் பாட்டு பிறந்தது. அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா! கூப்பிட ஆள் இருந்தால் புதுசு தானாக வரும் சார்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். பத்துக் கலைஞர்கள், முப்பது நாள் ஒத்திகை. ஆளுக்குத் தினம் சாப்பாடும் கூலியுமாக 500 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 1,50,000. ஓர் ஊருக்கு மலைப்புதான். ஆனால், கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை பதினைந்து ஊர்கள் சேர்ந்தால் ஊருக்குப் பத்தாயிரம். திருவிழாத் தேதிகள் ஊருக்கு ஊர் வேறு என்பதால், அதே குழு பதினைந்து மேடைக்கும் சுற்றி வரலாம். ஆடுகிற ராத்திரிக்கு எப்போதும் கொடுக்கிற சம்பளம் தனி.

அதே ராஜபார்ட், அதே பபூன்... கதை மட்டும் நம்ம ஊர்க் கதை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள் கதையாக இருக்கட்டும், முல்லைப் பெரியாறு தண்ணீராக இருக்கட்டும்.

வரவு செலவு நோட்டில் வாணவேடிக்கைக்குக் கீழே 'ஒத்திகை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாவம், வள்ளியும் ஒரு வருஷம் லீவு எடுத்துக்கொள்வாள்!