நந்தனம் சிக்னலில் ஒரு அம்பாஸடர்

சகோதரிகளே, அண்ணா சாலை வழியே சைதாப்பேட்டைக்குப் போகும்போது நந்தனத்தைச் சற்றுக் கவனியுங்கள். 1920-ல் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியின் மரங்கள் கண்ணுக்கு எத்தனை குளிர்ச்சி!

ஆனால், அப்பா ஓட்டிய பழைய அம்பாஸடரில் வந்தீர்களானால் மரத்தைப் பார்க்க மனம் ஏது? ஸ்டீயரிங்குக்கு அடியில் கியர் லீவர் தொளதொளவென்று ஆடுகிறதே! முதல் கியர் என்று தள்ளியது ரிவர்ஸில் விழுந்தால், பின்னால் நிற்பது பள்ளிக் குழந்தைகளின் ஆட்டோ அல்லவா?

2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டிதானே என்று கைவிட்டு விடாதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு நீங்கள் லீவரை அசையுங்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்து ராடுகளைப் பார்க்கட்டும். பெரும்பாலும் மூட்டிலுள்ள புஷ் தேய்ந்திருக்கும். புதியது போட்டு, போல்ட்டை முறுக்கி, கிரீஸ் வைத்தால் ஆட்டம் அடங்கும். கியர்ப் பெட்டியை இறக்கும் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்!