மூணாங்கிளாஸ் பெஞ்சில் ஒரு வெள்ளிக்கிழமை

பியூரெட் பிடிச்சிருக்கீங்களா பாஸ்? சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே வந்து, ஃபிளாஸ்க்குல லேசா பிங்க் தட்டினதும் டக்குனு நிறுத்தணும். ரெண்டாவது வருஷம் மார்ச் மாசம் என்னால அது முடியலை. காலையில ஒன்பதரை மணிக்கே விரல் ஆடுச்சு. மூணு ரீடிங் எடுத்தேன். மூணும் மூணு விதம்.

"நைட்டு தூங்கலை சார்"னு சமாளிச்சேன். நிஜம் என்னன்னா, ஃப்ரெஷ்ஷர்ஸ் பார்ட்டியில தொட்ட பீர், ஒண்ணரை வருஷத்துல தினம் ஒரு குவாட்டர்னு வளர்ந்திருந்தது. 21 வயசுக்குக் கீழே மது விக்கக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. எனக்கு அப்போ 19. என் வயசை யாரும் கேட்டதில்லை. அம்மா கம்மலை அடகு வெச்சு அனுப்பின மெஸ் ஃபீஸும் அப்படித்தான் போச்சு.

அன்னிக்கு எல்லாரும் கிளம்பின பிறகு, பீக்கர் கழுவிக்கிட்டிருந்த லேப் அட்டெண்டர் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கும் இப்படித்தான் ஆடும் தம்பி. ஒம்பது வருஷம் ஆச்சு நின்னு."

அவர் மூலமாத்தான் எனக்கு ஏ.ஏ. தெரியும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட நினைக்கிறவங்க கூடி உட்கார்ந்து பேசுற கூட்டம். ஆனா அண்ணன் என்னை முதல்ல கூட்டிட்டுப் போனது அரசு ஆஸ்பத்திரிக்கு. இதைக் கவனமா படிங்க. தினமும் குடிக்கிற உடம்பு திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைராக்கியத்தோட ரூம்ல பூட்டிக்கிட்டுப் படுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். டாக்டர் மருந்து குடுத்து அஞ்சு நாள் கூடவே வெச்சுப் பார்த்துக்கிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம். புரசைவாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். நானே வந்துடறேன்னு அண்ணன்கிட்ட வீராப்பா சொல்லிட்டு, எதிர்ல இருந்த டீக்கடையில நின்னு கேட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உள்ளே போனவங்க எல்லாரும் அங்கிள்ஸ். நரைச்ச மீசை, லஞ்ச் பேக், காக்கிச் சட்டை. 'நான் காலேஜ் பையன், நான் எங்கே இவங்க எங்கே'ன்னு மூணு டீ குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். அன்னிக்கு ராத்திரியே மறுபடி குடிச்சேன்.

அடுத்த வாரம் அண்ணன் ஹாஸ்டல் வாசலுக்கே வந்துட்டார்.

மூணாங்கிளாஸ் ரூம் அது. பெஞ்சு ரொம்பக் குட்டி, முட்டி இடிக்குது. சுவத்துல அணில், ஆடு, இலை படம். மொத்தம் பதினாலு பேர். ஒருத்தர் எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"ன்னார். எல்லாரும் சேர்ந்து வணக்கம் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவராம். சரக்கை வீட்டுப் பூஜை ரூம்ல தீர்த்தச் சொம்புல ஊத்தி வெப்பாராம். ஒரே கடைக்கு அடுத்தடுத்த நாள் போனா கடைக்காரன் என்ன நினைப்பானோன்னு நாலு கடையை முறை வெச்சுச் சுத்துவாராம்.

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. என் சரக்கு ஷாம்பு பாட்டில்ல இருந்தது. நானும் நாலு கடைதான் சுத்தினேன். என் ரூம்மேட்டுக்குக்கூடத் தெரியாத விஷயத்தை ஒரு தாத்தா மைக் இல்லாம சொல்லிக்கிட்டிருக்கார்!

அன்னிக்கு நான் வாயே திறக்கலை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஃபீஸ் கிடையாது, கடைசியில ஒரு டப்பா சுத்தி வரும், முடிஞ்சா பத்து ரூபா போடலாம். உள்ளே வர ஒரே தகுதி, குடியை விடணும்ங்கிற ஆசை. 'அனானிமஸ்'னா என்னன்னும் அப்போதான் புரிஞ்சுது. இங்கே பார்த்த முகத்தை வெளியே சொல்லக்கூடாது. அதான் இந்தக் கட்டுரையிலயும் பேர் கிடையாது.

டீ குடிக்கிறப்போ அண்ணன் ஒரு கதை சொன்னார். 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல பில் வில்சன்னு ஒரு பங்குச் சந்தை ஆளும் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜனும் சேர்ந்துதான் இதை ஆரம்பிச்சாங்களாம். ஒரு நாள் ஆபரேஷன் பண்ணப் போகணும், டாக்டருக்குக் கை நடுங்குது. நடுக்கம் நிக்க ஒரு பீர் குடிச்சிட்டுப் போனார். அதுதான் அவரோட கடைசிக் குடி. அந்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. பிறந்தநாளாக் கொண்டாடுறாங்க. கத்தி பிடிச்ச கை, பியூரெட் பிடிச்ச கை... அண்ணன் ஏன் இந்தக் கதையைச் சொன்னார்னு புரிஞ்சுது.

எல்லாமே பிடிச்சிருந்ததுன்னு பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு படிகள்ல கடவுள் அடிக்கடி வருவார். அவரவர் புரிஞ்சுக்கிட்ட கடவுள்னுதான் சொல்றாங்க, எனக்கு இன்னும் அங்கே நெளியும். சயின்ஸ் ஸ்டூடன்ட் ஆச்சே, ஆதாரமும் தேடினேன். 2020ல காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கு. குடியை முழுசா விட்டு இருக்கிறதுல இந்த வழி மத்த சிகிச்சைகளுக்குக் குறைஞ்சதில்லை, பல சமயம் மேல்னு வந்திருக்கு. சரி, நெளிஞ்சுக்கிட்டே உட்காரலாம்னு உட்கார்ந்தேன்.

23-ம் நாள் வழுக்கினேன். செமஸ்டர் கடைசி எக்ஸாம், பசங்க கூட்டம், "ஒரே ஒரு கட்டிங்டா". அது ஒண்ணோட நிக்கலை. வெள்ளிக்கிழமை போக வெட்கமா இருந்தது. போனேன். எழுந்து முதல் தடவையா என் பேரைச் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், கை தட்டினாங்க. ரிட்டயர்ட் தாத்தா, "இன்னிக்கு ஒண்ணாம் நாள்"னு சொல்லிட்டு டீயை நீட்டினார்.

கம்மலை இன்னும் மீட்கலை. சனி, ஞாயிறு ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிறேன். அம்மாகிட்ட போன மாசம்தான் எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை, அப்புறம் "சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்க.

இன்னிக்கு 211-ம் நாள். மணி ஆறாகுது. இந்த மாசம் பெஞ்சு துடைச்சு டீ வாங்கி வெக்கிறது என் டியூட்டி. கிளம்பறேன்.