எண்ணிச் சொல்லும் இரண்டெழுத்து

நான்கு வரி எழுதிய ஒரு கோப்பை லினக்ஸ் டெர்மினலில் 'டபிள்யூசி' என்ற கட்டளையிடம் கொடுத்தால், சில சமயம் மூன்று வரி என்கிறது. கண்ணுக்கு நான்கு தெரிகிறது, கணக்கில் ஒன்று குறைகிறது. கடைசி வரிக்குப் பிறகு என்டர் தட்டியிருந்தால் நான்கு, தட்டாமல் விட்டிருந்தால் மூன்று. கணினியோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களைக் கேட்டால் 'அது அப்படித்தான்' என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அப்படித்தான் என்று முடிவு செய்தது யார், எதற்காக? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய கையேடுகளைப் புரட்டத் தொடங்கினேன்.

வேர்ட் கவுண்ட் என்பதன் முதலெழுத்துகள்தான் கட்டளையின் பெயர். கோப்பின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் வரி, சொல், பைட் என்று மூன்று எண்களை ஒரே வரிசையில் அச்சிடும். 'எல்' என்ற ஆப்ஷன் போட்டால் வரி மட்டும், 'டபிள்யூ' போட்டால் சொல் மட்டும். இன்றைய லினக்ஸில் இருப்பது க்னூ திட்டத்துக்காக பால் ரூபினும் டேவிட் மெக்கன்சியும் எழுதியது. அதன் கையேட்டைக் கவனித்துப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. வரிகளை எண்ணுவதாக அது சொல்லவில்லை. புதுவரிக் குறிகளை எண்ணுவதாகத்தான் சொல்கிறது. என்டர் தட்டும்போது கோப்பில் விழும் அந்தக் குறி இல்லையென்றால், அதன் கணக்கில் வரி இன்னும் முடியவில்லை.

ஆனால் ரூபினும் மெக்கன்சியும் ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான் மறுபடி எழுதினார்கள். 1979இல் வந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்புக் கையேட்டிலேயே வரி, சொல், எழுத்து என்ற மூன்று கணக்குகளும் மூன்று ஆப்ஷன்களும் இருக்கின்றன. அதற்கு ஓராண்டு முன், 1978இல், பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய சி மொழிப் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இதே நிரலின் எலும்புக்கூடு பாடமாக வந்துவிட்டது. சி படித்த பலரும் தங்கள் முதல் வாரத்தில் இதைத் தட்டிப் பார்த்திருப்பார்கள்.

அந்த நிரல் வேலை செய்யும் விதம் அழகானது. 'நாளை மழை வரும்' என்ற தொடரைக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். நிரல் ஒவ்வொரு குறியாகத்தான் படிக்கும். சொல்லுக்குள் இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா என்பது ஒன்றே அதன் நினைவில் இருக்கும். தொடக்கத்தில் வெளியே. 'ந' வந்ததும் உள்ளே நுழைந்து, சொற்கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. அடுத்து வரும் துணைக்காலுக்கும், 'ளை'க்கும் கணக்கு ஏறாது, ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. இடைவெளி வந்தால் வெளியே வந்துவிடும். ஓர் இடைவெளிக்குப் பதில் பத்து இருந்தாலும் கவலையில்லை. 'ம' வந்ததும் மறுபடி உள்ளே, கணக்கு இரண்டு. 'வ' வந்ததும் மூன்று. கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றவேண்டிய அவசியமே இல்லை.

இந்தச் சிக்கனம் பிறந்த இடத்தின் நெருக்கடிக்குப் பொருத்தமானது. மேலும் பின்னோக்கிப் போனால் 1971 நவம்பர் 3 தேதியிட்ட யுனிக்ஸ் முதல் பதிப்புக் கையேடு. அதிலேயே டபிள்யூசி இருக்கிறது. அப்போது யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11/20 கணினியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16ஐ இயங்குதளமே எடுத்துக்கொள்ள, பயனரின் நிரலுக்கு மிஞ்சியது 8.

முதல் பதிப்பின் அந்தப் பக்கத்தில்தான் தேடியது கிடைத்தது. அங்கே எண்ணச் சொல்லியிருக்கும் மூன்றும் இன்றைய மூன்று அல்ல. சொற்கள், உரை வரிகள், ராஃப் கட்டளை வரிகள். எழுத்துக் கணக்கு கிடையாது. பக்கத்தின் அடியில் பொறுப்பாளராக 'ஜேஎஃப்ஓ' என்ற மூன்றெழுத்து. ஜோசப் எஃப். ஒசானா, பெல் ஆய்வகத்தில் ராஃப் வழிவந்த ஆவண வடிவமைப்பு நிரல்களை வளர்த்தவர்.

ராஃப் என்பது அச்சுக்கு முன் பக்கத்தை ஒழுங்கு செய்யும் நிரல். உரையின் நடுவே, புள்ளியில் தொடங்கும் வரிகளில் அதற்கான உத்தரவுகளை எழுதுவார்கள். புள்ளிக்குப் பின் 'எஸ்பி' என்றால் ஒரு வரி இடம் விடு, 'சிஇ' என்றால் அடுத்த வரியை நடுவில் அமை, 'பிபி' என்றால் புதிய பக்கம். இந்த வரிகள் தாளில் வராது. ஆகவே ஆவணம் எவ்வளவு நீளம் என்று அறிய இரண்டையும் தனித்தனியே எண்ணவேண்டியிருந்தது.

யாருடைய ஆவணம்? பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு, மனுக்களைத் தயாரிக்க ஒரு கணினி அமைப்பைத் தேடிக்கொண்டிருந்தது. காப்புரிமை மனுவில் வரிகளுக்கு எண் இடவேண்டும், சந்தையில் கிடைத்த அமைப்பால் அது அப்போது முடியவில்லை. ஒசானா முன்வந்து, எங்கள் நிரலே செய்து தரும் என்றார். 1971இன் பிற்பாதியில் நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் மூன்று தட்டச்சர்கள் நாள் முழுவதும் யுனிக்ஸில் மனுக்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்களின் விளையாட்டாகப் பார்க்கப்பட்ட யுனிக்ஸுக்கு, அலுவலக வேலைக்கும் ஆகும் என்ற பெயர் கிடைத்தது அப்போதுதான். வரிகளையும் சொற்களையும் எண்ணும் கட்டளை அந்தச் சூழலின் பிள்ளை.

1973இல் கென் தாம்சன் யுனிக்ஸில் 'பைப்' வசதியைச் சேர்த்தார். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குள் நேராக அனுப்பும் இந்த யோசனையை டக்ளஸ் மெக்கில்ராய் 1964இலேயே எழுதிவைத்திருந்தார். அதன் பிறகு டபிள்யூசிக்கு ஆவணம் தேவைப்படவில்லை. கணினியில் நுழைந்திருப்பவர்களைப் பட்டியலிடும் 'ஹூ' கட்டளையின் வெளியீட்டை அதற்குள் விட்டால், வரிகளின் எண்ணிக்கையே ஆட்களின் எண்ணிக்கை. பட்டியல் தரும் எந்தக் கட்டளையும் தானாக எண்ணத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. இன்று சர்வர் லாக்கில் எத்தனை பிழை விழுந்தது என்று பார்ப்பவர்களும் 'கிரெப்' கட்டளையில் சலித்து, பின்னால் டபிள்யூசியைத்தான் ஒட்டுகிறார்கள்.

எழுத்துக் கணக்கில் மட்டும் ஒரு பழைய பாக்கி தங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் 'சி' ஆப்ஷன் எழுத்துகளை எண்ணுவதாகவே சொல்லிக்கொண்டது. 1992இல் அதே தாம்சன் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 முறையை வகுத்தார். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'சி' பைட்டுக்கே என்று நிலைத்துவிட, எழுத்துக்கு 'எம்' ஆப்ஷன் வந்தது. 'தமிழ்' என்று மட்டும் உள்ள, புதுவரிக் குறியில்லாத கோப்பை 'சி' 15 என்கிறது. 'எம்' 5 என்கிறது, ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. நாம் படிக்கும் மூன்றெழுத்தைச் சொல்ல ஆப்ஷன் எதுவும் இல்லை.

சொல்லின் இலக்கணம் மட்டும் 1971இலிருந்து ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இரு பக்கமும் வெற்றிடமோ வரியின் எல்லையோ இருந்தால் அது ஒரு சொல். 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'வந்து கொண்டிருந்தான்' என்று பிரித்தால் இரண்டு. இரு பக்கமும் இடம் விட்டு நிற்கும் ஒரு சிறு கோட்டையும் அது ஒரு சொல்லாகவே கணக்கில் சேர்த்துவிடுகிறது.