தோற்ற குதிரையைப் படிப்பது

ரேஸ் கார்டு கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் கண் போகும் இடம், போன முறை ஜெயித்த குதிரையின் பெயர். நான் தோற்றவற்றிலிருந்து தொடங்குகிறேன். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து, மறுநாள் பத்திரிகையில் ஒரு வரிகூட கிடைக்காமல் லாயத்துக்குத் திரும்பிய குதிரை ஏன் தோற்றது என்று பிடிபட்டுவிட்டால், அந்தப் பந்தயத்தின் முன்னோட்டம் பாதி எழுதியாயிற்று. ஜெயித்ததன் பெருமை ஊருக்கே தெரியும். அதன் ஆட்ஸ் இறங்கியிருக்கும், முதுகில் எடை ஏறியிருக்கும். தோற்றதன் காரணத்தை யாராவது உட்கார்ந்து தேடினால்தான் உண்டு. அந்தத் தேடலைத்தான் என் தொழில் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நான் இருப்பது பொன்முடி அடிவாரத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றில். கேரளத்தில் ரேஸ்கோர்ஸ் கிடையாது. கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தயத் தடத்தின் ரெயிலோரம் நின்று கற்றதை வைத்துக்கொண்டு, இங்கிருந்தபடியே பெங்களூரு, மைசூரு, ஐதராபாத் கார்டுகளைப் படித்து எழுதுகிறேன். தூரத்திலிருந்து படிப்பதில் ஒரு நன்மை உண்டு. பந்தயத் திடலில் காதோடு காதாக உலவும் 'உள்தகவல்' எதுவும் இங்கே எட்டாது. கையில் இருப்பது கார்டு, பழைய ஓட்டங்களின் வீடியோ, காலைப் பயிற்சி நேரங்கள், அவ்வளவுதான்.

முதலில் எடை. நம் நாட்டில் நடக்கும் பந்தயங்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் வகை. ஒவ்வொரு குதிரைக்கும் ஹேண்டிகேப்பர் ஒரு ரேட்டிங் கொடுக்கிறார். ஒரு புள்ளிக்கு அரை கிலோ. ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், அடுத்த முறை சுமை கூடும். தோற்றால் இறங்கும். 20 முதல் 45 வரை, 40 முதல் 65 வரை என்று வகுப்புகள் பிரிந்திருக்கும். எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்பதுதான் ஹேண்டிகேப்பரின் கனவு. அவர் கணக்கில் எங்கே இடைவெளி விட்டிருக்கிறார் என்று பார்ப்பது என் வேலை. நான் மதிக்கும் எதிராளி அவர்தான், புக்கி அல்ல.

ஒரு பந்தயத்தை எடுத்து வைத்துப் பார்க்கலாம். 1400 மீட்டர், 20-45 வகுப்பு. ஐந்தாம் நம்பர் குதிரை போன முறையும் இதே தூரம்தான் ஓடியது. வெளிப்பக்கக் கேட், பதினோராவது டிரா. ஜெயித்த குதிரைக்கு நாலு லெங்த் (குதிரை நீளம்) பின்னால் ஐந்தாவதாக முடித்தது. அந்த ஜெயித்த குதிரையும் இன்று ஓடுகிறது. அதற்கு எட்டுப் புள்ளி ஏறியதால் நாலு கிலோ கூடுதல். ஐந்தாம் நம்பருக்கு மூன்று புள்ளி இறங்கியதால் ஒன்றரை கிலோ குறைவு. ஆக இரண்டுக்கும் நடுவே ஐந்தரை கிலோ புரண்டிருக்கிறது. இந்தத் தூரத்தில் ஒரு லெங்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பது பழகிய கணக்கு. தூரம் கூடக்கூட அந்த அளவு குறைந்து, 2400 மீட்டரில் அரை கிலோவே ஒரு லெங்த் பேசும். இந்தக் கணக்கின்படி நாலு லெங்த் பாக்கி அடைந்து, மேலே கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

இனி வீடியோ. வளைவில் ஐந்தாம் நம்பர் எங்கே ஓடியது என்று பார்க்கிறேன். உள்ரெயிலை ஒட்டி இடம் கிடைக்கவில்லை. இரண்டு குதிரைகளுக்கு வெளியே, மூன்றாவது வரிசையில் வளைவு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டரை மீட்டர் தள்ளி ஓடினால் ஏறத்தாழ எட்டு மீட்டர். ஒரு லெங்த் என்பது சுமார் 2.4 மீட்டர். வளைவிலேயே மூன்று லெங்த் போய்விட்டது! முடிவுப் பட்டியலில் இது எழுதியிருக்காது. 'நாலு லெங்த் பின்னால்' என்று மட்டும் இருக்கும். இன்றைக்கு ஐந்தாம் நம்பருக்கு மூன்றாவது டிரா.

இவ்வளவு சாதகம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாம் நம்பரை எழுதிவிடலாமா? கூடாது. ஜெயித்த குதிரையின் வயதைப் பார்க்க வேண்டும். அது ஐந்தாறு வயதுக் குதிரையாக இருந்தால் அதன் திறமை ஏறத்தாழ இன்னதென்று தெரிந்துவிட்டது. நாலு கிலோ அதைப் பிடித்து நிறுத்தும். மூன்று வயதுக் குட்டியாக, மூன்றாவது ஓட்டத்தில் ஜெயித்ததாக இருந்தால் கதையே வேறு. வளரும் குதிரை மாதத்துக்கு மாதம் மாறும். ஹேண்டிகேப்பர் எட்டுப் புள்ளி ஏற்றுவதற்குள் அது பன்னிரண்டு புள்ளி வளர்ந்திருக்கலாம். கிலோக் கணக்கு முழுவதும் அங்கே பொய்த்துப்போகும். இளங்குதிரைக்கு எதிராக எடைக் கணக்கை மட்டும் நம்பி நான் எழுதுவதில்லை. அந்த மாதிரி சமயத்தில் இரண்டையும் முதல் இரண்டு இடத்துக்கு வைத்துவிட்டு, எதை மேலே போடுவது என்பதற்கு காலைப் பயிற்சிப் பக்கம் திரும்புவேன்.

டிராக் வொர்க் நேரங்கள் பத்திரிகைகளில் வரும். வெளி மணல் தடத்தில் 600 மீட்டர் 39 விநாடி, 'தாராளமாக ஓடியது' என்கிற மாதிரி ஒரு குறிப்பு. புதிதாக வருபவர்கள் விநாடியைப் பார்த்து மயங்குகிறார்கள். எனக்கு விநாடியை விட முக்கியம், முதுகில் யார் இருந்தார்கள் என்பது. லாயத்துப் பையன் ஏறி 40 விநாடியில் ஓட்டியதும், ஓட்டப்போகும் ஜாக்கியே விடியற்காலையில் எழுந்து வந்து ஏறி 40 விநாடியில் ஓட்டியதும் ஒன்றல்ல. முன்னணி ஜாக்கிக்கு ஒரே பந்தயத்தில் இரண்டு மூன்று லாயங்களிலிருந்து அழைப்பு வரும். அவர் எதில் ஏறுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டார் என்பதை அதைவிடக் கவனிக்க வேண்டும். குதிரை உரிமையாளர் எம்.ஏ.எம். ராமசாமி காலத்தில் கிண்டியில் கிளாசிக் பந்தயம் என்றால் அவர் குதிரைகளே ஒன்றுக்கு மேல் ஓடும். ஒரே லாயம், ஒரே முதலாளி. எந்தக் குதிரைக்கு எந்த ஜாக்கி என்ற பட்டியலில்தான் லாயத்தின் மனம் தெரியும்.

பயிற்சி நேரத்தைப் பற்றி எனக்கு ஆகச்சிறந்த பாடம் சொன்னது கிண்டியில் ஒரு வயதான சைஸ், அதாவது குதிரை பராமரிப்பாளர். நான் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்றிருந்தேன். அவர் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த பெண் குதிரை அன்றைக்கு அருமையான நேரம் காட்டியிருந்தது. "ஓட்டத்தப் பாக்குறீங்க தம்பி. நாளைக்குக் காலைல வந்து வாளியப் பாருங்க" என்றார். மறுநாள் போனேன். தீனி வாளியில் கால்வாசி அப்படியே கிடந்தது. கடுமையாக ஓடவிட்ட குதிரை உடம்பு நோக அயர்ந்திருந்தால் முதலில் குறைவது தீனிதான். அன்று பார்த்த அருமையான நேரம், பந்தய நாளுக்காக வைத்திருந்த சக்தியை முன்கூட்டியே செலவு செய்த நேரம். அந்தக் குதிரை அந்த வாரப் பந்தயத்தில் நடுவரிசையில்கூட முடிக்கவில்லை. கல்லாற்றிலிருந்து எனக்கு வாளி தெரியாது. அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன்: பந்தயத்துக்கு நாலைந்து நாள் முன்னால் வேகமாக ஓடிவிட்டு, பிறகு ஒரு இலேசான ஓட்டமும் பதிவாகியிருந்தால் அந்தக் குதிரை தேறிவிட்டது என்று கொள்வேன். வேகமான ஓட்டத்துக்குப் பிறகு பதிவே இல்லையென்றால் ஒரு படி கீழே இறக்குவேன்.

கார்டில் சிறிய எழுத்தில் இருப்பவற்றையும் விடுவதில்லை. முதன்முறையாக பிளிங்கர் (கண்மறைப்பு) கட்டுகிறார்களா, அலுமினிய லாடமா ஸ்டீல் லாடமா, எடைச் சலுகை உள்ள அப்ரெண்டிஸ் பையனா. தாய் தந்தை வம்சத்தை, குதிரை முதல்முறை நெடுந்தூரத்துக்குப் போகும்போது மட்டும் பார்ப்பேன். பத்து ஓட்டம் ஓடிய குதிரைக்கு அதன் ஓட்டமே வம்சம்.

கிளாசிக் பந்தயங்களுக்கு இந்த வழிமுறை அவ்வளவாகப் பொருந்தாது. மும்பை மகாலட்சுமியில் பிப்ரவரி முதல் ஞாயிறு வழக்கமாக நடக்கும் இந்தியன் டெர்பியில் நான்கு வயதுக் குதிரைகள் 2400 மீட்டர் ஓடுகின்றன. பெண் குதிரைக்குச் சிறிய சலுகை தவிர எல்லாவற்றுக்கும் ஒரே எடை. அங்கே நல்ல குதிரையைக் கட்டிப்போட ஆளில்லை. ஸ்குவாண்டரர் 19 ஓட்டத்தில் 18 ஜெயித்தது, எல்யூசிவ் பிம்பர்னெல் 23-இல் 22 ஜெயித்தது. அவற்றைப் பற்றி முன்னோட்டம் எழுதியவர்கள் இரண்டாவது இடத்துக்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். எழுத்தாளனாக எனக்குப் பிடித்தது வியாழக்கிழமை மதியத்து 20-45 ஹேண்டிகேப்தான்.

ஊட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1886-இல் பந்தயம் தொடங்கிய திடல். வழக்கமாக ஏப்ரல் 14 அன்று சீசன் தொடங்கியது. அதற்கு முன்பே குதிரைகள் லாரிகளில் மலையேறியிருக்கும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே அவை கடந்துபோன அடிவாரத்துக்கும் கல்லாறு என்றுதான் பெயர். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், காற்று மெலிது. கடற்கரை ஊரிலிருந்து வந்த குதிரைக்கு மூச்சு பழக நாளாகும். ஊட்டி முன்னோட்டத்தில் நான் முதல் பத்தியில் எழுதியது, எந்த லாயம் எப்போது மலையேறியது என்பதைத்தான். முன்னால் வந்து மேலேயே பயிற்சி செய்த சுமாரான குதிரை, கடைசி நேரத்தில் வந்த நல்ல குதிரையை ஏப்ரலில் தோற்கடித்தது உண்டு. அதே நல்ல குதிரை மே மாதம் கணக்கைத் தீர்த்துக்கொண்டதும் உண்டு. அந்த ஏப்ரல் தோல்வியைக் குறித்து வைத்திருந்தவனுக்கு மே மாதத் தேர்வு தானாக வந்தது. 2024 ஜூனில் குத்தகைப் பாக்கிக்காக அரசு அந்தத் திடலை எடுத்து தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. அரசு நிலம், அரசின் உரிமை; அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வளைவுகளையும் அந்தக் காற்றையும் தெரிந்து வைத்திருந்த ஒரு அறிவு, பயன்படும் இடமில்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம். கிண்டியிலும் அதே ஆண்டு செப்டம்பரில் 730 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லிக் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தார்கள். 1777 முதல் குதிரை ஓடிய மண் அது.

அரசுக்கும் ரேஸ் கிளப்புக்கும் இடையிலான இந்த மோதல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். இரண்டும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று முடிவானது. குதிரையின் பயிற்சி, வேகம், தாங்கும் சக்தி, ஜாக்கியின் திறமை என்று அந்தத் தீர்ப்பு எடைபோட்ட விஷயங்கள் ஒவ்வொன்றும் முன்னோட்டம் எழுதுகிறவன் தினமும் கையில் எடுப்பவை. அந்தத் தீர்ப்பைப் படித்த நாளில் என் வேலைக்கு ஒரு கௌரவம் கிடைத்ததாகவே உணர்ந்தேன்.

திறமை என்று நீதிமன்றம் சொன்னதால் பணம் கட்டுகிறவர் பிழைத்துவிடுவார் என்று அர்த்தமாகாது. உலகம் முழுக்க ஃபேவரிட் குதிரை ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் ஜெயிக்கிறது. டோட்டில் (கிளப் நடத்தும் பந்தயப் பணத் திரட்டில்) சேரும் தொகையில் கிளப்பின் கமிஷனும் வரியும் போக மீதிதான் டிவிடெண்ட். 2017-இல் ஜிஎஸ்டி 28 சதவீதம் என்று வந்தது. 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. இந்தச் சுமைக்கு மேலே எழும்பி வருடம் முழுக்க லாபம் பார்ப்பது எவ்வளவு நன்றாகப் படிப்பவருக்கும் மிகக் கடினம். சம்பளக் கவரோடு கிண்டி ரயிலேறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் 'நிச்சயம்' என்ற சொல்லை என் பத்தியில் எந்தக் குதிரைக்கும் போட்டதில்லை. ஏழு பந்தயம் இருந்தால் ஏழுக்கும் தேர்வு கொடு என்பார்கள் பத்திரிகை அலுவலகத்தில். கொடுப்பேன். ஆனால் அறிமுகக் குதிரைகள் நிறைந்த பந்தயத்தில், மாக் ரேஸ் என்னும் பயிற்சிப் பந்தயத்தில் ஓடியதைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை என்று அந்த இடத்திலேயே எழுதிவிடுவேன்.

'நாளின் சிறந்த தேர்வு' என்று ஒன்றைக் குறிக்க வேண்டும். பலர் அதற்கு மிகவும் குறைந்த ஆட்ஸ் உள்ள குதிரையைப் போடுவார்கள். நான் போடுவது, தோல்விக்கான காரணம் வீடியோவில் கண்ணுக்குத் தெரிந்து, அந்தக் காரணம் இன்றைக்கு நீங்கியும் இருக்கிற குதிரையை. காரணத்தையும் ஒரு வரியில் எழுதுவேன்: போன முறை பதினோராவது டிரா, இன்று மூன்றாவது, அல்லது, முன்னால் பறக்கும் இரண்டு குதிரைகளோடு மல்லுக்கட்டிக் கடைசி 200 மீட்டரில் களைத்தது, இன்று முன்னால் போக வேறு ஆளில்லை. காரணம் எழுதியிருந்தால்தான் படிப்பவர் என்னோடு சண்டை போட முடியும். நல்ல வாசகர்கள் போடுகிறார்கள். ஐதராபாத் வீடியோவில் ஒரு ஜாக்கி சாட்டையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றியதும் குதிரை நேராக ஓடத் தொடங்கியதை எனக்குக் காட்டியவர் ஒரு வாசகர்தான். அந்தக் குதிரை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து ஓடி லெங்த் இழப்பதற்குக் காரணம் அன்று கிடைத்தது.

கடைசி வேலை வானிலை. மண் இளகியிருந்தால் எடை சுமக்கும் குதிரைக்கு ஒவ்வொரு கிலோவும் கூடுதலாகக் கனக்கும்; தடத்தின் இளக்கத்தைக் காட்டும் பெனிட்ரோமீட்டர் அளவு வெளியானதும் டாப் வெயிட் குதிரைகளை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். காலையில் ஏதாவது ஒரு குதிரை விலகினால் முன்னால் ஓடும் வரிசையே மாறிப்போகும். ஆகவே தேர்வுக்குக் கீழே, 'மழை பெய்து தடம் இளகினால் இரண்டாம் நம்பர்' என்று மாற்றுத் தேர்வையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஜூலை மாதத்துப் பெங்களூரு கார்டை அந்த வரி இல்லாமல் அனுப்புவதில்லை.